கைப்பேசியில் ஒரு புயல் கூண்டு

தமிழகக் கடற்கரையில் வாழ்வோர்க்குப் புயல் எச்சரிக்கைக் கூண்டு புதியதன்று. "நாகையில் 3 ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று வானொலி சொல்லக் கேட்டதும் கட்டுமரத்தை மேட்டுக்கு இழுத்துக் கட்டியவர்கள் நம் முன்னோர். துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களை ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளை ஏற்றுவார்கள். 1 ஆம் எண் தொலைக்கடலில் ஏதோ உருவாகிறது என்பதைக் குறிக்கும். எண் ஏறஏற ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். 8, 9, 10 ஆகிய எண்கள் பேராபத்தைக் குறிப்பன.

இந்த வரிசையில் 11 ஆம் எண் கூண்டும் ஒன்று உண்டு. அது 10 ஐ விடப் பெரிய புயலைக் குறிக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை வேறு. 'புயல் எச்சரிக்கை நிலையத்துடன் நமக்கிருந்த செய்தித் தொடர்பு அற்றுவிட்டது' என்பதே 11 ஆம் எண்ணின் பொருள். அதாவது, 'இனி என்னிடமிருந்து செய்தி வராது. செய்தி வராததால் ஆபத்து இல்லை என்று கருதிவிடாதே' என்று அந்தக் கூண்டு சொல்கிறது. தன் அறியாமையைத் தானே அறிவிக்கும் இந்த நேர்மை, எச்சரிக்கைக் கலையில் மிக உயர்ந்த சிந்தனை.

இன்று அந்தக் கூண்டு கம்பத்திலிருந்து இறங்கி நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. திறன்பேசியில் வானிலைச் செயலிகள் எத்தனையோ கிடைக்கின்றன. பெரும்பாலானவை காசு கேட்பதில்லை. எல்லாமே கண்ணைக் கவரும் படங்களைக் காட்டுகின்றன. இவற்றுள் எதை வைத்துக்கொள்வது? கடும் மழையும் இடியும் புயலும் வரும் நாளில் எது நமக்கு உதவும்? நூலொன்றை மதிப்பிடுவது போலவே இச்செயலிகளையும் சற்று மதிப்பிட்டுப் பார்ப்போம். அளவுகோல் நம்மிடம் முன்பே இருக்கிறது: அது அந்தத் துறைமுகக் கூண்டே.

முன்னறிவிப்பு வேறு, எச்சரிக்கை வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். 'மாலை 4 மணிக்கு மழை, வாய்ப்பு 40 விழுக்காடு' என்று காட்டுவது முன்னறிவிப்பு. இது பெரும்பாலும் கணிப்பொறியின் நேரடிக் கணக்கு. வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவை எவ்வாறு மாறும் என்று இயற்பியல் சமன்பாடுகளால் கணக்கிடுகிறார்கள். உலகிலேயே சிறந்ததெனப் போற்றப்படும் ஐரோப்பிய வானிலை மையத்தின் உலகளாவிய கணக்கீட்டில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 9 கி.மீ. ஆனால், நம் ஊர்ச் சித்திரை மாத இடிமேகமோ சில கி.மீ. அகலமே உடையது. 9 கி.மீ. கண்ணுள்ள வலையில் சிறு மீன் சிக்குமா? அதுபோல, எந்தத் தெருவில் எந்த நிமிடத்தில் மழை கொட்டும் என்பதை இக்கணக்கு முன்னாளே சொல்லிவிட இயலாது.

'40 விழுக்காடு' என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாளில் 40 விழுக்காடு நேரம் மழை பெய்யும் என்பது அதன் பொருளன்று. மழையின் வலிமையையும் அது குறிக்காது. இத்தகைய நிலை 100 முறை வந்தால் அவற்றுள் 40 முறை அவ்விடத்தில் மழை பெய்யும் என்பதே பொருள். தூறலும் பெருமழையும் இந்த எண்ணுக்கு ஒன்றுதான்.

எச்சரிக்கை என்பது இதிலிருந்து வேறுபட்டது. பல கணக்கீடுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் ராடார் படங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, பொறுப்புள்ள வானிலை அறிஞர் ஒருவர் எடுக்கும் முடிவு அது. அதற்கு வெளியிட்டவர் பெயர் உண்டு, நேரம் உண்டு, தவறினால் பதில் சொல்ல வேண்டிய கடமையும் உண்டு. 'விண்டி' போன்ற செயலிகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்கீடுகளை அருகருகே வைத்துக் காட்டுகின்றன. காற்றின் ஓட்டத்தை அவற்றில் பார்த்துக் கற்பது மாணவர்க்கு நல்ல விருந்து. ஆயினும் அங்கே சுழலும் வண்ணப் படம் ஒரு கணக்கின் விளைவு. 'வீட்டை விட்டு வெளியேறு' என்னும் ஆணை அதில் இராது. 10 நாளுக்கு அப்பால் ஒரு கணக்கீடு காட்டும் புயலைக் கண்டு ஊரையே கலக்குவோர், இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

எனவே செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி: இதில் வரும் எச்சரிக்கையை வெளியிடுபவர் யார்? செயலிக்குள் எங்கு தேடியும் இதற்கு விடை கிடைக்கவில்லையெனில், அதை மழைக்குக் குடை எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நல்ல எச்சரிக்கையின் உறுப்புகள்

எச்சரிக்கைச் செய்திகளுக்கென்று உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பொது வடிவம் ஒன்று இருக்கிறது. அதில் நிரப்பப்பட வேண்டிய இடங்களைப் பார்த்தாலே நல்ல எச்சரிக்கையின் இலக்கணம் விளங்கும். யார் வெளியிட்டார், என்ன ஆபத்து, எந்த எல்லைக்குள், எப்போதிலிருந்து எப்போது வரை என்பவை முதலில் வரும். அடுத்து மூன்று அளவீடுகள்: எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி. இறுதியில், மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பது.

அவசரம், கடுமை, உறுதி ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்தது அறிவுடைமை. நாளை மறுநாள் கரையைக் கடக்கக்கூடிய புயல் கடுமை மிக்கது. ஆனால், அவசரமும் உறுதியும் இன்னும் குறைவு. அரை மணியில் தலைக்கு மேல் வரப்போகும் இடிமேகம் அவசரம் மிக்கது. இவ்விரண்டுக்கும் ஒரே மணியோசையை எழுப்பும் செயலி, கேட்பவரைக் குழப்பவே செய்யும்.

நிறத்துக்குள் மறைந்திருப்பது

இந்திய வானிலை ஆய்வுத் துறை பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்களில் எச்சரிக்கை தருகிறது. இவை மழையின் அளவை மட்டும் குறிப்பவை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் இவை நம் செயலைக் குறிப்பவை. பச்சை என்றால் ஏதும் செய்ய வேண்டியதில்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு.

மழையின் அளவுக்குத் தனி வகைப்பாடு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. இங்கேதான் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. கடைசி வகைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது மிகுதி. அதிகனமழையின் தொடக்க அளவைப் போல நான்கரை மடங்குக்கும் மேல். 21 செ.மீ. மழையும் அதிகனமழைதான், 95 செ.மீ. மழையும் அதிகனமழைதான். ஒன்றில் தெருவில் தண்ணீர் தேங்கும்; மற்றொன்றில் தண்டவாளத்தின் அடிமண்ணே அரித்துச் சென்றுவிடும்.

ஆகவே, வெறும் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டிவிட்டு நிற்கும் செயலி போதாது. அந்தப் புள்ளியைத் தொட்டால் துறையின் முழு அறிவிப்பும் விரிய வேண்டும்; எத்தனை செ.மீ. எதிர்பார்க்கப்படுகிறது, இதுவரை எவ்வளவு பெய்திருக்கிறது, அருகிலுள்ள அணையில் நீர் எவ்வளவு என்பவற்றை அறிய வழியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வழியைத் தேடித் தேர்ந்தெடுப்பது நம் பொறுப்பு.

நம் நாட்டுச் செயலிகள்

இனி, நம் நாட்டில் அரசு நிறுவனங்கள் வெளியிட்டுள்ள சிலவற்றைக் காண்போம்.

'மௌசம்' 2020 ஜூலையில் வெளியானது. வானிலை ஆய்வுத் துறையின் சொந்தச் செயலி இது. மாவட்டந்தோறும் அடுத்த 5 நாளுக்கான நிற எச்சரிக்கை, 3 மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பு, ராடார் படங்கள் ஆகியவற்றைத் தருவதே இதன் நோக்கம். ராடார் படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது பெரும்பயன் தரும். ராடார் அனுப்பும் நுண்ணலை மழைத்துளிகளில் பட்டுத் திரும்புகிறது. அதைக் கொண்டு மழை எங்கே, எவ்வளவு, எத்திசையில் நகர்கிறது என்று அறிகிறார்கள். அடுத்தடுத்து வந்த நான்கைந்து படங்களைப் பார்த்தால் மழை நம் ஊரை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம். ஆனால், மாவட்டம் என்பது பெரிய எல்லை. மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள ஒரு மாவட்டத்துக்கு ஒரே நிறம் என்பது, உயரமானவனுக்கும் குள்ளனுக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போன்றது.

'தாமினி' மின்னலுக்கென்றே அமைந்தது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதனை உருவாக்கியது. மின்னல் வெட்டும்போது வானொலி அலைகளும் எழுகின்றன. நாட்டின் பல இடங்களில் நிறுவப்பட்ட உணரிகளை அந்த அலைகள் வெவ்வேறு கணத்தில் சென்றடைகின்றன. அந்த நுண்ணிய கால வேறுபாட்டைக் கொண்டு மின்னல் வெட்டிய இடத்தைக் கணக்கிடுகிறார்கள். நாம் நிற்குமிடத்திலிருந்து 20 கி.மீ., 40 கி.மீ. தொலைவுக்குள் மின்னல் நிகழ்ந்தால் செயலி எச்சரிக்கிறது. 2022 ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. வயலில் நாற்று நடுவோர்க்கும் ஆடு மேய்ப்போர்க்கும் இச்செயலியைவிடப் பயனுள்ள செயலி அரிது.

இதற்கும் எல்லை உண்டு. மேகத்தில் மின்னல் தொடங்கிய பின்னரே உணரிக்குத் தெரியவரும். அப்போதே தலைக்கு மேல் கறுத்து நிற்கும் மேகத்துக்கு இது முன்கூட்டிச் சொல்லாமற் போகலாம். அங்கே பழைய கணக்கே துணை. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும் வரை 3 நொடிக்கு ஒரு கி.மீ. வீதம் தொலைவு. 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள் செல்லுங்கள். இதற்கு மின்னூட்டமும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

'சச்சேத்' தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் செயலி. நாம் முன்னர்ப் பார்த்த அந்தப் பொது வடிவத்தில், வெவ்வேறு துறைகள் வெளியிடும் எச்சரிக்கைகளை ஒரே இடத்தில் தருகிறது. இந்திய மொழிகள் பலவற்றிலும் தருகிறது. தமிழக அரசு 2024 இல் வெளியிட்ட 'டி.என். அலர்ட்' செயலி வானிலை, மழையளவு, நீர்த்தேக்கங்களின் நிலை ஆகியவற்றைத் தமிழிலேயே தர முனைந்தது. மொழி இங்கே அலங்காரமன்று. நள்ளிரவில் தூக்கம் கலைந்து எழும் முதியவர் ஒருவர், அகராதியின் துணையின்றி ஒரே மூச்சில் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியதே எச்சரிக்கை.

கடலோரத்துக்குத் தனிக் கேள்வி உண்டு. 2017 நவம்பர் 30 அன்று குமரிக்கருகே ஒக்கிப் புயல் மிக விரைவில் வலுப்பெற்றபோது, ஆழ்கடல் மீனவர் பலர் முன்பே கடலுக்குச் சென்றுவிட்டிருந்தனர். கரையிலுள்ள கோபுரத்தின் அலைகள் சில கி.மீ. தொலைவுக்கு மேல் கடலுக்குள் எட்டா. அங்கே கைப்பேசிச் செயலி வெறும் படம். இதை உணர்ந்தே 2019 இல் 'ஜெமினி' என்னும் சிறு கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியே வரும் எச்சரிக்கையைப் பெற்று, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்குக் கொடுக்கிறது அது. ஆனால், அது ஒருவழிப் பாதை. மீனவர் அதன்வழித் திருப்பி உதவி கேட்க இயலாது. ஆழ்கடலுக்குச் செல்வோர் எந்தச் செயலி சிறந்தது என்று கேட்பதற்கு முன், அச்செயலிக்குச் செய்தி எவ்வழியே வருகிறது என்று கேட்க வேண்டும்.

புலி வருது, புலி வருது

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அழகிய செயலி ஒன்றை வைத்திருந்தேன். அதன் பெயர் இங்கு தேவையில்லை. '20 நிமிடத்தில் தூறல்' என்று நாளைக்குப் பத்துமுறை மணியடித்தது. தூறல் வந்தது சிலமுறை, வராதது பலமுறை. சலித்துப்போய் அதன் ஒலியை அணைத்துவிட்டேன். ஐப்பசியில் ஓரிரவு உண்மையான பெருமழை எச்சரிக்கை வந்தது. அதே ஒலியோடு வந்திருக்க வேண்டும். ஒலிதான் அணைந்து கிடந்ததே! காலையில் நான் செய்தியைப் படித்தபோது தண்ணீர் வாசற்படியில் நின்றது. அடுத்த வீட்டுப் பாட்டியோ முதல்நாள் இரவே வானொலி கேட்டு, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டுத் தூங்கியிருந்தார்.

புலி வருது என்று விளையாட்டாகக் கூவிய சிறுவனின் கதை நாமறிந்ததே. கதையில் தவறு சிறுவன்மீது. இங்கோ அந்தச் சிறுவனைத் தேர்ந்தெடுத்தவனும் நானே. ஆகவே, தூறலுக்கும் குளிருக்கும் விளம்பரத்துக்குமான அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, கடும் எச்சரிக்கைக்கு மட்டும் உரத்த தனியொலி வைத்துக்கொள்ள இடந்தரும் செயலியையே தேர்ந்தெடுங்கள்.

மௌனத்தின் பொருள் என்ன?

இப்போது 11 ஆம் எண் கூண்டுக்குத் திரும்புவோம். செயலி பேசாதிருக்கக் காரணங்கள் பல. இணையம் அற்றிருக்கலாம். மின்கலத்தைச் சேமிப்பதற்காகக் கைப்பேசியே அச்செயலியை உறங்க வைத்திருக்கலாம். இருப்பிடம் அறியும் அனுமதியை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று நாம் கொடுத்திருந்தால், மதுரைக்கு வந்த பின்னும் அது சென்னைக்கே காவல் காத்துக்கொண்டிருக்கலாம். பெருமழையில் மின்சாரம் நின்று, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்து, ஊரே தொடர்பின்றிப் போகலாம். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்ட ஊர்கள் பல அவ்வாறே தவித்தன. இத்தனை நிலைகளிலும் கைப்பேசித் திரை காட்டுவது ஒன்றே: எச்சரிக்கை ஏதுமில்லை. வானம் அமைதியாய் இருப்பதும் செயலி செத்துக் கிடப்பதும் பார்ப்பவர்க்கு ஒன்றுபோலவே தோன்றும். இதுவே இன்றைய செயலிகளின் பெருங்குறை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒருநாள் காலையில் கைப்பேசியின் இணையத் தொடர்பை நிறுத்திவிடுங்கள். மாலையில் செயலியைத் திறந்து பாருங்கள். 'தொடர்பில்லை, நீங்கள் காண்பது காலை 7 மணிச் செய்தி' என்று தெளிவாகச் சொல்கிறதா? சொன்னால் அதனிடம் 11 ஆம் எண் கூண்டு இருக்கிறது. காலையில் கண்ட சூரியனையே நேரம் குறிக்காமல் மாலையிலும் காட்டுகிறதா? அதை நம்பி உயிரை வைக்க வேண்டாம்.

செயலியே தேவைப்படாத வழியும் ஒன்றுண்டு. கோபுரத்திலிருந்து அதன் எல்லைக்குள் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் வானொலி போல ஒரே நேரத்தில் செய்தியை ஒலிபரப்பும் முறை அது. குறுஞ்செய்தி போல ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செல்வதில்லையாதலால் நெரிசலில் சிக்குவதில்லை, இணையமும் தேவையில்லை. 2023 இல் இந்தியாவில் இது பலமுறை சோதிக்கப்பட்டது. கைப்பேசி திடீரென அலறி அதிர்ந்ததை வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். உங்கள் கைப்பேசி அமைப்புகளில் அவசர எச்சரிக்கை என்னும் பகுதியைத் தேடி, அது இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

எதை வைத்துக்கொள்வது?

முடிவாக என் பரிந்துரை இது. ஐந்தாறு செயலிகள் வேண்டா. அவை ஒன்றோடொன்று முரண்பட்டு நம்மைக் குழப்பும். மாவட்ட எச்சரிக்கையைப் பொறுப்புள்ள துறையிடமிருந்து நேரே, நம் மொழியில் தரும் செயலி ஒன்று. வெட்டவெளியில் உழைப்பவராயின் மின்னலுக்கென மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என வையுங்கள். மின்சேமிப்பு உறக்கத்திலிருந்து விலக்கு அளியுங்கள். ஐப்பசி பிறக்கும் முன், மேற்சொன்ன சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். திறன்பேசி இல்லாத அண்டை வீட்டார்க்குச் செய்தி சொல்லும் கடமையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். மாணவர்க்கு ஏற்ற பணி அது.

செயலிகளில் இல்லாத அந்த 11 ஆம் எண் கூண்டை நம் அறிவில் ஏற்றிவைப்போம். மழை வலுத்துப் பெய்யும் இரவில் கைப்பேசி திடீரென ஊமையானால், 'இனி ஆபத்தில்லை' என்று போர்த்திக்கொண்டு படுக்கலாகாது. 'தொடர்பு அற்றது' என்று பொருள்கொண்டு, கடைசியாக வந்த எச்சரிக்கை என்ன சொன்னதோ அதன்படி விளக்கைத் தேடி, பிள்ளைகளை எழுப்பி, மேட்டுக்குச் செல்ல ஆயத்தமாவதே அறிவுடைமை.